மௌரீன் வீட்டுக் கேட்டுச் சிங்கம்

ஜோகுபாளையத்தில் ஞானசேகரன் வீடு எது என்று கேட்டால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்களே தவிர வழி சொல்ல மாட்டார்கள். ‘ரிஜெக்ட் சார் வீடு’ என்று கேட்டுப் பாருங்கள், பால்காரர் வண்டியை நிறுத்திக் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார். மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். இறக்கை வளைந்திருக்கிறது, பெயின்ட் வழிந்திருக்கிறது, காயிலில் ஒரு சுற்று பிசகியிருக்கிறது என்று எதையாவது கண்டுபிடித்து, சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்துத் திருப்பி அனுப்புவதுதான் உத்தியோகம். பொட்டு வைத்த சரக்கு வெளியே போகக் கூடாது. திருத்த முடியாததைச் சாட்சி வைத்துச் சுத்தியலால் உடைக்க வேண்டும். அதையும் அவரே நின்று பார்ப்பார்.

வீட்டிலும் அதே கதைதான். தமயந்தி தோசையைத் தட்டில் போட்டால், முதலில் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் அவள் இதற்காக அழுதிருக்கிறாள். பிறகு அழுவதை விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையை வெளிச்சம் வராத மூலைக்கு நகர்த்திவிட்டாள்.

மனிதர் கெட்டவர் இல்லை. யாரிடமும் கை நீட்டியதில்லை, யார்மேலும் புகார் எழுதியதில்லை. ஆனால் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வராது. குறை இல்லையென்றால் பேசாமல் இருப்பார். அதுதான் அவர் அகராதியில் பாராட்டு.

ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டார்கள், சமோசா கொடுத்தார்கள். வைண்டிங் செக்‌ஷன் சார்பில் மௌரீன் பேச எழுந்தாள். மின்விசிறிக்குள் இருக்கும் செம்புக் கம்பியைச் சுற்றும் பிரிவு அது. அத்தனை பேரும் பெண்கள். அவர் திருப்பி அனுப்பிய சரக்கில் பாதி அவர்கள் கையால் வந்ததுதான்.

“சார் நல்லா இருக்கணும். முப்பத்தொரு வருஷமா எங்க சாமான எல்லாம் பாத்துப் பாத்து திருப்பி அனுப்பினாரு. ஆனா சார் கையால ஒரு சாமான் செஞ்சு நாங்க யாரும் பாத்ததில்ல. இனிமே டைம் இருக்கும். ஏதாச்சும் ஒண்ணு செஞ்சு கொண்டு வாங்க சார், நாங்களும் பாக்கறோம்.”

கூடம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் மோரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் அது உண்மையாக இருந்தது, அதுதான் அவருக்கு வலித்தது.

மூன்றாம் மாதம் மாடியில் சிமெண்ட் பொம்மை வார்க்க ஆரம்பித்தார். தோட்டத்தில் வைப்பார்களே, தவளை, ஆமை, காளான் என்று, அந்த ஜாதி. எத்தனையோ வேலை இருக்க இது ஏன் என்று தமயந்தி கேட்டதற்கு, “அச்சுல ஊத்தினா அச்சு மாதிரிதான் வரும். இதுல தப்பு வர்றதுக்கு வழியே கிடையாது” என்றார். வழி இருந்தது. தவளைக்கு மூக்கில் காற்றுக் குமிழி, ஆமைக்கு முதுகில் அச்சின் இணைப்புக் கோடு, காளானுக்குக் காலில் பொரிந்த மணல். ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்து, சிவப்புப் பொட்டு வைத்து, தமயந்தியைச் சாட்சிக்கு நிற்கவைத்துச் சுத்தியலால் உடைத்தார். நான்கு வருடத்தில் ஒன்றுகூட அவர் கையிலிருந்து தப்பிப் பிழைக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு பிப்ரவரி மாதக் காலையில் மௌரீன் வந்து நின்றாள். அவளும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். இரண்டு தெரு தள்ளி வீடு.

“நீங்க சிமெண்ட்ல பொம்ம பண்றீங்கன்னு கேள்விப்பட்டேன் சார்.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. ஒடைக்கிற சத்தம் எங்க தெரு வரைக்கும் கேக்குது.”

விஷயம் இதுதான். அவள் வீட்டுக் கேட்டில் இரண்டு தூணின் மேலும் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் டேங்கர்காரன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டான். இடது பக்கத்துச் சிங்கம் தூள்.

“வலது பக்கத்துது மட்டும் ஒத்தையா உக்காந்திருக்கு, பாக்க சகிக்கல. ஈஸ்டர் அன்னிக்கு நம்ம வைண்டிங் செக்‌ஷன் பதினாறு பேரும் காலைல எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. வருஷா வருஷம் வர்றதுதான். அதுக்குள்ள இதுக்கு ஒரு ஜோடி பண்ணிக் குடுங்க சார்.”

ஞானசேகரன் மனதுக்குள் கணக்குப் போட்டார். பதினாறு பேர். ஒவ்வொருத்தியின் காயிலையும் அவர் குறைந்தது நூறு முறை திருப்பி அனுப்பியிருப்பார். அந்தப் பதினாறு பேரும் கேட்டில் நின்று அவர் செய்த சிங்கத்தை அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள். மறுத்துவிட்டால் பிழைத்தார். ஆனால் இதை விட்டால் இனி ஒரு தருணம் வரப்போவதில்லை என்றும் அவருக்குத் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டார்.

ஆட்டோ பிடித்து, உயிரோடு இருந்த சிங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக அதைச் சோதனை போட்டார். வலது கண் சிறிது. மீசையில் ஒரு முடி கோணல். இந்தச் சிங்கமே ரிஜெக்ட் என்று மௌரீனுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

“இருவது வருஷமா கேட்டுல உக்காந்திருக்கு சார், இதுவரைக்கும் யாரும் திருப்பி அனுப்பல. நீங்க அச்சு எடுங்க” என்றாள் அவள்.

அச்சு எடுப்பது ஒரு தவம். சிவாஜிநகரில் அலைந்து ரப்பர் பால் வாங்கிவந்து, சிங்கத்தின்மேல் சோப்புத் தடவி, அதன்மேல் ரப்பர் பாலைப் பூச வேண்டும். ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது. பத்துப் பூச்சு, நடுநடுவே மருந்துக்கடைக் கட்டுத்துணி. அதற்கு மேல் ரப்பர் ஆடாமலிருக்கச் மாவுக்கட்டுப் பொடியால் இரண்டு பாதியாக ஒரு கூடு. எல்லாம் காய்ந்ததும் கூட்டைக் கழற்றி, ரப்பரைக் காலுறை மாதிரி தலைகீழாக உரித்தெடுத்தால், உள்ளே சிங்கத்தின் உருவம் வெறும் பள்ளமாக இருக்கும். இதெல்லாம் அவருக்கு அருமையாக வந்தது. பொறுமைக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது. மூலச் சிங்கத்தை மௌரீன் வீட்டுத் தூணிலேயே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது கூத்து. அச்சைத் தலைகீழாக நிறுத்தி, சிமெண்டும் சலித்த எம்-சாண்ட் மணலும் குழைத்து அடிப்பக்கத்து வழியாக ஊற்றி, காற்று வெளியேறுவதற்காகக் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் அரை மணி நேரம் தட்டிக்கொடுத்தார். இரண்டு நாள் கழித்துத் திறந்தார். சிங்கம் கம்பீரமாக இருந்தது. இடது காதுக்குப் பின்னால் கடுகளவு ஒரு துளை. நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்துச் சுத்தியலை எடுத்தார்.

சாட்சிக்கு நின்ற தமயந்தி சுத்தியலைப் பிடித்துக்கொண்டாள்.

“தவளைய ஒடச்சீங்க, ஆமைய ஒடச்சீங்க, பேசாம இருந்தேன். சிங்கம் அம்மன் வாகனம். என் வீட்டு மாடில வெச்சு சிங்கத்த ஒடைக்க நான் விடமாட்டேன்.”

“ரிஜெக்ட் ஆன சரக்கு தமயந்தி. வெச்சிருக்கக் கூடாது.”

“அப்ப ரிஜெக்ட் ஆகாத மாதிரி பண்ணுங்க.”

கம்பெனியில் இப்படி எதிர்த்துப் பேச ஆள் இல்லை. அவர் சிங்கத்தை மூலையில் வைத்துவிட்டு இரண்டாவதை ஊற்றினார். அதற்கு மூக்கில் குமிழி. மூன்றாவதற்குப் பிடரியில் கோடு. நான்காவதற்கு என்ன குறை என்று தமயந்திக்குக் கடைசிவரை தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. ஒன்பது சிங்கங்கள் நெற்றியில் சிவப்புப் பொட்டோடு மொட்டைமாடியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. துணி காயப்போட இடமில்லை, வற்றல் காயவைக்க இடமில்லை. பக்கத்து மாடிவீட்டுக்காரர்கள் ஜன்னலிலிருந்து கும்பிட ஆரம்பித்தார்கள்.

அது போதாதென்று தண்ணீர்ப் பிரச்சினை வேறு. வார்த்த சிமெண்ட் நன்றாக இறுக ஒரு வாரம் ஈரம் காட்ட வேண்டும். அந்தக் கோடையில் போர்வெல் வற்றி, டேங்கர் வாரத்துக்கு இரண்டு முறை வந்தால் பெரிய விஷயம். குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

“வீட்டுல மனுஷங்க ஒரு பக்கெட் தண்ணில குளிக்கறோம். ஒம்போது சிங்கத்துக்கு நீங்க தெனம் ரெண்டு வேள அபிஷேகம் பண்றீங்க” என்றாள் தமயந்தி.

சண்டை போட்டுப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் மல்லேஸ்வரத்தில் ஒரு சொந்தக்காரரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போன நாளில், இஸ்திரிக்காரர் சந்தானத்தின் தள்ளுவண்டியைக் கூப்பிட்டாள். ஒன்பது சிங்கமும் ஒரே நடையில் படியிறங்கிப் போய்விட்டன.

மாலையில் கையில் தாம்பூலப் பையோடு தெருமுனையில் திரும்பிய ஞானசேகரன் அப்படியே நின்றுவிட்டார். முதல் வீட்டுக் கேட்டருகே ஒரு சிங்கம். எதிர்வீட்டில் தரைக்கடியில் தண்ணீர் பிடிக்கும் சம்ப்பின் மூடிமேல் ஒரு சிங்கம், யாரும் தண்ணீர் திருடாமல் இருப்பதற்காக. ஐடி கம்பெனி வேலைக்குப் போகும் கேசவ் வீட்டு வாசலில் ஒரு சிங்கம், அவன் காரை எடுத்ததும் அந்த இடத்தில் வேறொருவர் கார் நிறுத்தாமல் இருப்பதற்காக. எல்லாவற்றின் நெற்றியிலும் அவர் கையால் வைத்த சிவப்புப் பொட்டு. அதைக் குங்குமம் என்று நினைத்துக்கொண்டு சிலர் பக்கத்திலேயே மஞ்சளும் தடவியிருந்தார்கள். சந்தானம் தன் பங்குச் சிங்கத்தை அரசமரத்தடியில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் வைத்து, செவ்வந்திச் சரம் போட்டு, ஊதுவத்தியும் ஏற்றிவிட்டார்.

முப்பத்தொரு வருட வேலையில் ஒரு ரிஜெக்ட்கூட வெளியே போனதில்லை. இப்போது ஒன்பது. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் காதுத் துளையையும் மூக்குக் குமிழியையும்தான் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனார். தமயந்தியிடம் நான்கு நாள் பேசவில்லை. அவளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மாடியில் வற்றல் போட்டாள்.

ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம். பத்தாவது சிங்கம் குறையில்லாமல் வரவேண்டும், வேறு வழியில்லை. முன்னால் செய்த தப்பு என்னவென்று யோசித்தார். இரண்டாம் நாளே அவசரப்பட்டுத் திறந்ததுதான் என்று முடிவுக்கு வந்தார். இந்தத் தடவை ஊற்றிவிட்டு, ஈரக் கோணி சுற்றி, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் வரை தொடுவதே இல்லை.

ஊற்றிய நாள் உகாதி. டேங்கர் வரவில்லை. குழாயில் சொட்டுக்கூட இல்லை. அடுப்படிக்கு வெளியே தமயந்தி செடிகளுக்காகப் பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பிடித்துவைத்த வாளி ஒன்று இருந்தது. கொஞ்சம் பழுப்பாக இருந்தது. பருப்புத் தண்ணீராக இருக்கும் என்று வடிகட்டிச் சிமெண்டில் ஊற்றிக் குழைத்தார். சிமெண்டைச் சலித்துப் பார்த்தார், மணலைக் கையில் தேய்த்துப் பார்த்தார், அச்சை டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீரை மட்டும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் அச்சைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியது. வெயில் காலத்தில் எறும்பு வருவது சகஜம்தானே என்று எறும்புச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தார். நான்காம் நாள் இன்னொரு வட்டம் போட வேண்டியிருந்தது. பத்தாம் நாளுக்குள் மாடித்தரை கோலம் போட்ட வாசல் மாதிரி ஆகிவிட்டது. பெரிய இன்ஸ்பெக்டர்தான், ஆனாலும் மூளை ஒரு பக்கம் வேலை செய்தால் மறுபக்கம் தூங்கும் மனிதர்.

பெரிய வியாழன் காலையில் மௌரீனையே வரச்சொன்னார். அவள் கண்ணெதிரில் திறக்க வேண்டும் என்று ஆசை. கோணியை அவிழ்த்தார், கூட்டின் இரண்டு பாதியையும் பிரித்தார், ரப்பரின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார். முதலில் பிட்டம் வந்தது. பிறகு சிங்கம் மொத்தமும் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் சரிந்து, பொங்கலை இலையில் கவிழ்த்ததுபோல் தரையில் பரந்தது.

மௌரீன் குனிந்து எறும்பைப் பார்த்தாள்.

“எந்தத் தண்ணில சார் கலந்தீங்க?”

அவர் வாளியைக் காட்டினார். தமயந்தி வாயில் கைவைத்தாள்.

“ஐயோ, அது போளி பண்ண பூரணப் பாத்திரம் கழுவின தண்ணிங்க. அரைக் கிலோ வெல்லம் அடிப்பிடிச்சிருச்சு, ஊறட்டும்னு ரெண்டு மூணு தண்ணி விட்டு ஊத்தினேன்.”

இனிப்பு பட்டால் சிமெண்ட் இறுகாது என்பது கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஞானசேகரனுக்கும் தெரியும். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

“விடுங்க சார், தெருவெல்லாம் உங்க சிங்கம்தான இருக்கு. ஒண்ணு வாங்கிக் குடுங்க” என்றாள் மௌரீன்.

“அதெல்லாம் ரிஜெக்ட்.”

“எனக்குப் பரவால்ல.”

வேறு வழியில்லாமல் மூவரும் இறங்கிப் போனார்கள். தான் ஒதுக்கிய சரக்கைத் தானே கேட்டு வாங்கப் போவதைப் போன்ற அவமானம் இன்ஸ்பெக்டருக்கு வேறு கிடையாது. எதிர்வீட்டு அம்மா கன்னடக்காரர். சம்ப் மூடியில் உட்கார்ந்திருந்த சிங்கத்தைப் பார்த்தபடி, “பேடா சார், வேண்டாம். இது வந்த நாளிலிருந்து தண்ணி கொறயல. நான் கொடுக்கமாட்டேன்” என்றார். கேசவ், தன் வீட்டுச் சிங்கத்துக்குப் பெயர் வைத்துவிட்டதாகவும், அதைத் தூக்கினால் பத்தே நிமிடத்தில் அங்கே ஏதாவது கார் வந்து நின்றுவிடும் என்றும் சொன்னான். கடைசியாக அரசமரத்தடிக்குப் போனார்கள். சந்தானம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

“நம்ம தெருக்காரங்க வெளக்கு போடறாங்க சார். போன வெள்ளிக்கெழம ரெண்டு பேரு பிரசாதம் வேற கொண்டாந்தாங்க. இப்ப போய் எடுக்கச் சொல்றீங்களே, நியாயமா?”

“அது காதுக்குப் பின்னாடி ஓட்டை சந்தானம். பழுது.”

சந்தானம் சிங்கத்தின் காதை எட்டிப் பார்த்தார். “சாமிக்கு அது பழுது இல்ல சார். உங்க கண்ணுக்குத்தான் பழுது” என்றார்.

ஒன்பது வீடும் அவரைத் திருப்பி அனுப்பின. ஞானசேகரன் வீடு திரும்பி, அச்சைக் கழுவி மடித்துப் பெட்டிக்குள் வைக்கப் போனார். மௌரீன் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“இன்னிக்கு வியாழன். இப்ப ஊத்தினா சனிக்கெழம சாயங்காலம் தெறக்கலாம். நான் ஊத்தறேன்.”

“உங்களுக்கு அளவு தெரியாது மௌரீன். சிமெண்ட் ஒண்ணுன்னா மணல்…”

“சார், நீங்க கைய பின்னாடி கட்டிக்கிட்டு அங்க நில்லுங்க. உங்க டேபிள் முன்னாடி நாங்க எத்தன வருஷம் அப்படி நின்னோம், ஒரு நாள் நீங்க நில்லுங்க.”

தமயந்தி குடிக்கிற கேன் தண்ணீரைத் திறந்து கொடுத்தாள். மௌரீன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து குழைத்தாள். அளக்கவில்லை. விரலால் கிள்ளிப் பார்த்தாள், கொஞ்சம் மணல் சேர்த்தாள், மறுபடி கிள்ளிப் பார்த்தாள். ஊற்றும்போது அவர் வாய் மூன்று தடவை திறந்தது. மூன்று தடவையும் அவள் திரும்பிப் பார்த்தாள், அவர் மூடிக்கொண்டார். அன்று பின்னால் கட்டிய கையோடு நின்றபோதுதான், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று எத்தனை பேர் தன் முன்னால் இப்படி நின்றிருப்பார்கள் என்று நினைத்துப்பார்த்தார். நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் பங்குக்கு இந்தத் தடவை நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க மௌரீன் சர்ச்சில் இருந்தாள். சனிக்கிழமை மாலை வந்து அவளே ரப்பரை உரித்தாள். சிங்கம் உடையாமல் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதைச் சுவரோரமாக நகர்த்தி, முகம் தெரியும்படி வைத்தாள். ஞானசேகரன் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், ஐந்து குறை வரிசையில் வந்து கண்ணில் நின்றன. ஐந்தையும் வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டார்.

“பாஸ்” என்றார்.

மௌரீன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அது சிவந்தது.

“என்ன சார் சொன்னீங்க?”

“பாஸ். நல்லா வந்திருக்கு.”

“மூக்குல இவ்ளோ பெரிய குமிழி இருக்கு. எனக்கே தெரியுது. இதயா பாஸ் பண்றீங்க? என் மூஞ்சிக்காகப் பண்றீங்களா? பொம்பள கஷ்டப்பட்டுட்டா, போகட்டும்னு பண்றீங்களா?” அவள் குரல் உயரவில்லை, ஆனால் அந்தக் குமிழியை விரலால் குத்திக் காட்டினாள். “முப்பத்தொரு வருஷம் நீங்க திருப்பி அனுப்பும்போதெல்லாம் உங்களத் திட்டிக்கிட்டே மறுபடி சுத்தினேன். எங்க வீட்டு ஃபேன் நான் சுத்தின காயில்தான், மூணு தடவ நீங்க திருப்பி அனுப்பினது. இன்னிக்கு வரைக்கும் ஒரு சத்தம் கெடையாது. நீங்க ஓகேன்னா ஓகேன்னு நம்பித்தான் வேல செஞ்சோம். இப்ப பொய் சொன்னீங்கன்னா, அப்ப சொன்னதும் பொய்யான்னு தோணும்ல?”

தன்னை ஒருவரும் நம்பியதாக ஞானசேகரன் நினைத்ததே இல்லை. பயந்தார்கள், சபித்தார்கள் என்று மட்டும்தான் நினைத்திருந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிங்கத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார்.

“மூக்குல குமிழி. வலது காது நுனி மழுங்கியிருக்கு. பிடரில கூடு சரியாப் பொருந்தாம ஒரு கோடு ஓடுது. முன்னங்கால்ல மணல் பொரிஞ்சிருக்கு. அடி ஒரு பக்கம் சாய்வு, தூண்ல வெச்சா லேசா ஆடும்.”

“அஞ்சு” என்றாள் மௌரீன். மூச்சை விட்டாள். “அப்படிச் சொல்லுங்க. நாளைக்குக் காலைல வீட்டுக்கு வாங்க. எங்க ஆளுங்க முன்னாடி இத அப்படியே ஒரு தடவ சொல்லணும். ரிஜெக்ட் சிங்கத்த தெருவெல்லாம் குடுத்தீங்கன்னு கேட்டு, அதுங்க நீங்க மாறிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க.”

ஈஸ்டர் காலையில் அவர் தமயந்தியோடு போனார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கேட்டில் இரண்டு சிங்கங்களும் இருந்தன. புதியதன் அடியில் சாய்வுக்கு முட்டுக்கொடுத்து, கலவை வைத்துப் பூசியிருந்தாள் மௌரீன். பதினாறு பெண்களும் கையில் கேக்குத் தட்டோடு வெளியே வந்து நின்றார்கள். பலருக்கு நரைத்துவிட்டது. இருவருக்கு மூட்டுவலி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஞானசேகரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சிங்கத்தைச் சுட்டிக்காட்டினார். மூக்கு, காது, பிடரி, முன்னங்கால், அடி என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பெண்கள் விரலை மடக்கினார்கள். ஐந்தாவது முடிந்ததும் கைதட்டினார்கள்.

ரமா மட்டும் கைதட்டவில்லை. செக்‌ஷனில் அதிகம் பேசாதவள் அவள். தட்டைத் தூண்மேல் வைத்துவிட்டு, கேட்டுக்கு உள்பக்கமாகப் போய்ச் சிங்கத்தின் முதுகுப்பக்கத்தைப் பார்த்தாள்.

“சார், இதுக்கு வால் எங்க?”

எல்லோரும் உள்ளே ஓடினார்கள். வலது பக்கத்துச் சிங்கத்துக்கு வால் முதுகின்மேல் சுருண்டு, நுனியில் ஒரு குஞ்சத்தோடு அழகாக இருந்தது. இடது பக்கத்துச் சிங்கத்துக்கு இடுப்போடு சரி. அச்சுக்குள் காற்று மாட்டிக்கொண்டு கலவை அங்கே போகவே இல்லை. சனிக்கிழமை சுவரோரமாக வைத்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் வால் இல்லாததை மௌரீனும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. கடுகளவு துளையைக் கண்டுபிடித்தவர் ஒரு முழு வாலைக் கோட்டைவிட்டிருந்தார்.

தமயந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபப்படுவார், அச்சுமேல் பழிபோடுவார் என்று பயந்தாள். ஞானசேகரன் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

“ஆமாம்மா. பாக்கல. என் தப்பு” என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அங்கிருந்த ஒருவரும் கேட்டதில்லை, தமயந்தி உள்பட. முதலில் மௌரீன் சிரிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து இன்னொருத்தி. மூட்டுவலிக்காரிகள் சுவரை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஞானசேகரனும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

ரமா உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து, தங்கள் வரிசைக்கு நடுவில் போட்டாள்.

“உக்காருங்க சார். நீங்களும் எங்கள மாதிரிதான்” என்றாள்.

அவர் உட்கார்ந்தார். யாரோ அவர் மடியில் ஒரு தட்டு கேக்கை வைத்தார்கள்.